வீட்டுக்கு வராமல் போன மகனுக்கு

சீனு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை நீ போனில் "விசாகப்பட்டினம்னு எழுதிக் கொடுத்துட்டேம்மா" என்று சொன்னதும் நான் ஒரு வார்த்தை பேசாமல் போனை உன் அப்பாவிடம் நீட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே நீ அவருக்குத் தனியாகப் போன் செய்து, "அம்மா கோவமா இருக்காளா?" என்று கேட்டாயாம். அவர், "தெரியலப்பா, மாடியில வத்தலைக் கிண்டிக்கிட்டு இருக்கா" என்று சொல்லி வைத்தாராம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்த மனுஷனுக்கே என் முகத்தில் இருப்பது கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை என்றால் ஓசூரில் இருக்கும் உனக்கு எப்படித் தெரியும்? போனில் விளக்கலாம்தான். ஆனால் நான் என்ன சொன்னாலும் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் நாம் பேசுவது தெலுங்கு, எனக்கு எழுத வந்தது தமிழ் மட்டும்தான், அதனால் தமிழில் எழுதுகிறேன். நம் வீட்டில் திட்டுவதும் தமிழில்தான் என்பதற்காகப் பயந்துவிடாதே, இது திட்டுகிற கடிதம் இல்லை.

நடந்ததை எல்லாம் நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மாசி பிறந்து உளுந்து அடித்து முடித்திருந்த சமயம். நீ போன் செய்து, கம்பெனி உன்னை ஆந்திராவுக்கு அனுப்பப்போகிறது, விஜயவாடா, விசாகப்பட்டினம் இரண்டில் ஒன்றை நீயே எடுத்துக்கொள்ளலாம் என்றாய். விஜயவாடா என்றால் மேனேஜர் பதவி, வீட்டு வாடகையும் கம்பெனி கொடுக்கும். விசாகப்பட்டினம் என்றால் இப்போது பார்க்கிற அதே வேலை. இதைச் சொல்லிவிட்டு, மூச்சுக்கூட விடாமல், "நீ சொல்லும்மா, நான் செய்யுதேன்" என்றாய். நானும் மூச்சு விடாமல் விஜயவாடா என்று சொல்லிவிட்டேன். சுகந்தியின் பேச்சு உன் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ ஓசூரிலும் அவள் தூத்துக்குடித் துறைமுகத்திலுமாக இருக்கிறீர்கள். வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை காலையில் நீ வடக்கேயிருந்து ஒரு பஸ்ஸிலும் அவள் தெற்கேயிருந்து ஒரு பஸ்ஸிலும் கோவில்பட்டியில் வந்து இறங்கி, நம் வீட்டில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறுவீர்கள். அவளுக்குக் கப்பலில் ஏற்றுகிற பெட்டிகளுக்கு இடம் குறித்துக் கொடுக்கிற வேலை. கடல் இருக்கிற ஊரில்தான் அந்த வேலை கிடைக்கும். விசாகப்பட்டினத்தில் அவளுடைய கம்பெனிக்கே ஆபீஸ் இருக்கிறது. விஜயவாடாவில் ஆறு இருக்கிறது, கப்பல் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான், தெரிந்தே என் மனசில் படவில்லை.

எனக்கு விஜயவாடா என்றால் அம்மா வீடு மாதிரி ஒரு நினைப்பு. நம் ஆட்கள் என்றைக்கோ அந்தப் பக்கமிருந்துதான் இறங்கி வந்தார்கள் என்று கேட்டே வளர்ந்தவள். அங்கே சுற்றுவட்டாரத்தில் கரிசல், பருத்தி, மிளகாய், எல்லாம் நம் காட்டைப் போலவே. பேச்சு நம் பேச்சு. மாற்றலாகி வேற்று மாநிலத்துக்குப் போகிறான் என்று ஊரில் யாராவது சொன்னால், "வேத்து மாநிலமா? அவன் நம்ம சொந்த ஊருக்குல்லா போறான்" என்று திருத்தினேன். விசாகப்பட்டினம் என்றால் எனக்குப் புயலும் துருவும்தான். டிவியில் புயல் என்றால் அந்த ஊர்ப் பேரைத்தானே வாசிக்கிறார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. என் மகன் என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டான் என்று எனக்கு ஒரு பெருமை. பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுப்பது, ஓசூரில் எந்தத் தெருவில் ரூம் பிடிப்பது, தீபாவளிக்கு என்ன கலர் சட்டை, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். கயத்தாறில் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று நீ கேட்டதில் அந்த வீட்டார் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, சுகந்திக்கு எப்படி இருந்ததோ, கேட்டதில்லை.

இரண்டு ஊரையும் போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்வோம் என்று நான்தான் எல்லோரையும் கிளப்பினேன். பெண் கொடுப்பதற்கு முன்னால் இங்கே என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். பெண் வீட்டுப் பொம்பளைகள் மாப்பிள்ளை ஊருக்கு வந்து முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். நகை, நிலம் எல்லாம் அதற்கு அப்புறம். உப்புத் தண்ணீர் ஊர் என்றால் பெண் காலமெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைய வேண்டுமே. என் பெரியம்மா ஒருபடி மேலே போய், இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய்த் துவரம்பருப்பை வேகவைத்துப் பார்த்தவள். மதியம் வரைக்கும் பருப்பு பருப்பாகவே கிடந்ததாம். ஊருக்கு மேற்கே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்ததால்தான் எனக்கு உன் அப்பா கிடைத்தார். அதே வழக்கத்தில் நான் காலி பாட்டில் இரண்டும், கடம்பூர் போளி ஒரு பெட்டியும் பையில் எடுத்து வைத்தேன். உன் அப்பா பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பட்டணத்துக்குப் போறோம், பெண்ணு குடுக்கவா போறோம்?" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான், நீங்க சும்மா வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

விஜயவாடாவுக்குப் போகும் வழியில் ரயில் ஜன்னலில் கறுப்பு மண்ணையும் பருத்தியையும் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிப்போனது. நீ கூடக் கேலி செய்தாய். வாடகை வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும் நான் நம் வீட்டுத் தெலுங்கில் ஊர், பேர், வந்த காரியம், என்ன விளைச்சல் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு உன் பக்கம் திரும்பி, இவர்கள் பேசுவது கன்னடமா என்று கேட்டாள். சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் தமிழுக்கு மாறிவிட்டேன். போளியைக் கொடுத்ததும்தான் அவள் முகம் மலர்ந்து "பொப்பட்லு!" என்றாள். நம் பேச்சில் அவளுக்குப் புரிந்தது போளி ஒன்றுதான். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உள்ளேயிருந்து கேன் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தாள். "இது இல்லம்மா, இந்த ஊருத் தண்ணி வேணும்" என்று நான் கேட்டதை நீ இங்கிலீஷில் எடுத்துச் சொன்னதும், குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் குடிக்க எல்லோரும் கேன்தான் வாங்குகிறோம் என்று சொன்னாள். நான் விடாமல் அந்தக் கேன் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். சுகந்தி அடுப்பங்கரையைப் பார்த்தாள், துணி காயப்போடும் இடத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குது அத்தை. வேலைதான, நான் இங்கன வேற ஏதாவது பாத்துக்கிடுதேன்" என்றாள். எவ்வளவு தங்கமான பிள்ளை என்று நினைத்தேன். நீயும் தலையை ஆட்டினாய்.

மறுநாள் விசாகப்பட்டினத்துக்கு ரயிலில் போகும்போது நீயும் அப்பாவும் தூங்கிவிட்டீர்கள். கோதாவரிப் பாலத்தில் வண்டி ஏறியது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறேன், அந்த நேரம் பார்த்து சுகந்திக்குத் துறைமுகத்திலிருந்து போன். "இல்ல அண்ணாச்சி, அந்த ரெண்டு பெட்டியும் வெயிட்டு, மேல ஏத்தாதீங்க, அடியில போடுங்க. கொழும்புல எறங்குற பெட்டி மேல வரணும். இல்லன்னா அங்கன போயி எல்லாத்தையும் எறக்கி ஏத்தணும். நான் சொல்லுதேன், அப்படியே போடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எதிர்ப்பேச்சுக்கு இடம் இல்லாத குரல். இந்தப் பெண் நம் வீட்டு அடுப்பங்கரையில் குழம்புக்கு உப்புப் போடுவதற்குக்கூட என்னைக் கேட்பாள். எனக்கு அவளைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். போனை வைத்துவிட்டு அவள் ஆற்றைப் பார்த்தபோது முகம் எப்படி இருந்தது தெரியுமா, வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவள் மாதிரி இருந்தது. இதை விட்டுவிட்டு வேறே எதைப் பார்த்துக்கொள்வாள் என்று அப்போதுதான் எனக்கு உறுத்தியது. உறுத்தினாலும் நான் லேசில் மசிகிறவளா? விசாகப்பட்டினத்தில் இறங்கியதும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தெரு எல்லாம் மேடும் பள்ளமும், ஜன்னல் கம்பியெல்லாம் துரு, அப்பளம் வைத்தால் அரைமணி நேரத்தில் நமத்துவிடும், காற்றே பிசுபிசுவென்று ஒட்டுகிறது. என் தெலுங்கு அங்கேயும் எடுபடவில்லை. தண்ணீர் கேட்டேன். அதே கேன்.

ஊருக்கு வந்து இரண்டு பாட்டில் தண்ணீரிலும் பருப்பு வேகவைத்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி குழைந்தது. "ரெண்டு ஊருக்கும் ஒனக்கு ஒரே மார்க்குதான்" என்று உன் அப்பா சிரித்தார். சரி, பேச்சும் போயிற்று, தண்ணீரும் போயிற்று, மேனேஜர் பதவியாவது மிச்சம் இருக்கிறதே என்று நான் விஜயவாடாவிலேயே நின்றேன். திரும்பும் வழியில் நீ சென்னையிலிருந்தே ஓசூருக்குப் போய்விட்டாய். சுகந்தி எங்களோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நான் போனேன். இருவரும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது, ஆறுதலாக ஏதாவது சொல்வோம் என்று, "விஜயவாடா போயிட்டா இப்படி ஓட வேண்டாம் தாயீ, வீட்ல நிம்மதியா இருக்கலாம்" என்றேன்.

அவள் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "வேலைய விடுததுக்கு எனக்கு வருத்தம்தான் அத்தை, ஆனா அத நான் தாங்கிக்கிடுவேன். அவிய என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அதத்தான் தாங்க முடியல. நீங்க ரெண்டு ஊருத் தண்ணியையும் குடிச்சுப் பாத்தீங்க. வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு மாமா பாத்தாங்க. அவிய ஒங்களக் கேட்டாங்க. உனக்கு எந்த ஊரு பிடிச்சிருக்கு புள்ளன்னு என்னைய யாரும் கேக்கலியே. இப்படியே போயிட்டா, அங்கன ஒரே வீட்ல இருந்தாலும் நான் தூத்துக்குடியில இருக்க மாதிரிதான் இருக்கும்." அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். பஸ் வந்தது, "வாரேன் அத்தை" என்று ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவளை நானும் கேட்கவில்லை என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் பயம் வந்தது உன்னை நினைத்துத்தான். அந்தப் பெண் உன்னை விட்டுப் போகமாட்டாள், பக்கத்திலேயே இருந்துகொண்டு மனசை மூடிக்கொள்வாள். பொம்பளை மனசு அப்படி மூடிக்கொண்டால் திறப்பது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும் சீனு.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கு ஏன் கலங்குத? அவளக் கேளுலேன்னு அவன்கிட்ட சொல்லிரு. நீ சொன்னா கேட்டுக்கிடுவான்லா" என்றார். "அதுனாலதான் சொல்லமாட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. யோசித்துப் பார். நான் சொல்லி நீ அவளைக் கேட்டிருந்தால், கேட்டது நீயா நானா? "அம்மா ஒன்னையக் கேக்கச் சொன்னா" என்று நீயே அவளிடம் சொல்லியிருப்பாய், உனக்கு ஒளிக்கத் தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே விஜயவாடா என்றிருப்பாள். அதோடு கதை முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் கொடுக்க வேண்டும். அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை நீ போனில், "விஜயவாடான்னு கொடுத்துரட்டாம்மா?" என்று கேட்டாய். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "மாடியில வத்தல் கிடக்கு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். மறுபடி நீ கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. போன் அடிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம். உனக்கு ஒரு பதிலும் சொல்லாமல் நான் இருந்தது உன் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வியாழக்கிழமை மதியம் உன் அப்பா கடைத்தெருவிலிருந்து முகம் கறுத்துப்போய் வந்தார். உரக்கடை அண்ணாச்சி உன்னைக் காலையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம். பேசலாம் என்று கிட்டே வருவதற்குள் நீ தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டாயாம். "நம்ம ஊரு வழியாப் போறான், ஒரு எட்டு வீட்டுக்கு வரணும்னு தோணல பாத்தியா? பெத்தவங்க மூஞ்சியப் பாக்காம பொண்டாட்டியப் பாக்க ஓடுதான்" என்று துண்டை உதறிப் போட்டார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேலை நாளில் லீவு போட்டு, நம் வாசலைத் தாண்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ அவளிடம் போயிருக்கிறாய். பிள்ளை வீட்டுக்கு வராமல் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. அன்றைக்கு மத்தியானம் நான் பாய் விரித்துப் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினேன். எந்த ஊர் என்று எனக்கு அதற்கு மேல் கவலையே இல்லை. அவள் கடைசியில் விஜயவாடா என்றே சொல்லியிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

வெள்ளிக்கிழமை நீ போனில் ஊரின் பேரைச் சொன்ன கையோடு, "உன்னையக் கேக்கலம்மா. சுகந்தியக் கேட்டேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய் பார், குற்றம் செய்தவன் மாதிரி. அதைக் கேட்டதும் சந்தோஷத்தில் அழுதுவிடுவேன் என்றுதான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். இப்போது புரிகிறதா? அவளிடம் நீ என்ன கேட்டாய், அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். மேனேஜர் பதவி போனால் போகட்டும், இன்னொரு நாள் வரும். பதவி வந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூஞ்சியைத் திருப்பாமல் மனசைத் திருப்பிக்கொண்ட ஒருத்தி சோறு போட்டால் அந்தச் சோறு இறங்காது. புயல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உள்ளே இருங்கள், துருப்பிடித்தால் பெயிண்ட் அடியுங்கள். அப்பளம் நமத்தால் மறுபடி ஒருதடவை வாட்டிக்கொள்ளுங்கள். அங்கே உன் தெலுங்கைக் கேட்டுச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. எனக்கு அதுதான் வரவில்லை. நமக்குச் சொந்த ஊர் என்று அங்கே எதுவும் காத்துக்கொண்டு இல்லை என்பது போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் இருவரும் இருந்து பழகினால்தான் அது ஊர். சனிக்கிழமை இங்கே உங்கள் இரண்டு பைகளும் வாசலில் இருக்காது என்று நினைத்தால் வீடு வெறிச்சென்று தெரிகிறது. இருந்தாலும் அந்தப் பைகள் ஒரே வீட்டில் இருக்கப்போகின்றன, எனக்கு நிம்மதிதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் மெசேஜ் வந்தது. புது வீட்டில் பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை நல்லதா, புதன்கிழமை நல்லதா, நீயே சொல்லும்மா என்று கேட்டிருக்கிறாய். ஏலே, நீ திருந்தவே மாட்டாயா? எனக்கு இரண்டு நாளும் நல்ல நாள்தான். சுகந்திக்கு எந்த நாள் தோது என்று அவளைக் கேள். அவள் சொல்லுகிற நாளில் நானும் உன் அப்பாவும் வந்து நிற்கிறோம்.

அம்மா